‘வேறு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்துக் கோடு

எவுலாலியா தன் இரட்டைப் பிள்ளைகளின் பள்ளிப் படிவங்கள் இரண்டையும் என் சலவைக் கடையின் துணி மடிக்கும் மேசையில் விரித்து வைத்துப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழாம் நம்பர் மெஷினில் பேக்கரிக்காரர் வீட்டு மேசைவிரிப்புகள் சுற்றிக்கொண்டிருக்க, ‘வேறு’ என்று போட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அங்குலக் கோடு, இந்தக் காகிதத்தில் ஒன்றும் அந்தக் காகிதத்தில் ஒன்றுமாக, வளர ஆரம்பித்தது. காகித ஓரத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, இடுப்பு உயரத்தில் அந்தரத்திலேயே நேராகப் போய், சோப்புத்தூள் அலமாரிக்குப் பக்கம் ஒரு கணம் யோசித்து நின்று, பிறகு வாசல் வழியாக வெயிலுக்குள் இறங்கிவிட்டது. தரையைத் துடைத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லையே, யாராவது அதில் தடுக்கி விழப்போகிறார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சான் எவரிஸ்தோ என்கிற எங்கள் ஊர் கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில் பாதாம் தோப்புக்கும் பூண்டு வயலுக்கும் நடுவே இருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே நாங்கள் இருக்கிற தெருக்களில் மெக்சிகோக்காரர்கள், சால்வடோர்க்காரர்கள், எந்த நாடு என்று கேட்டால் கையை விரித்துச் சிரிக்கிறவர்கள், இவர்களோடு சிவகங்கைச் சீமையில் பிறந்த நான் ஒருத்தி. இருபத்திரண்டு வருஷமாக நாணயம் போட்டுத் துவைக்கும் கடை வைத்திருக்கிறேன். வடிவு என்கிற என் பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் ‘தோன்யா வாடி’ ஆகிவிட்டது; தோன்யா என்றால் அம்மா மாதிரி மரியாதைச் சொல், ஆக ஊரே என்னை மரியாதையோடு வாடி என்கிறது. என் நிறத்தையும் மூக்கையும் பார்த்து வந்த புதிதில் எல்லாரும் ஸ்பானிஷில் பேசினார்கள். நான் முழித்தபோது, பெற்ற தாயின் பாஷையை மறந்தவள் என்று திட்டினார்கள். திட்டு வாங்கி வாங்கியே பாஷை வந்துவிட்டது.

எவுலாலியாவின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு நியேவெஸ், அமாலியா என்று ஐந்து வயதில் இரட்டைப் பெண்கள். பதினோரு நிமிஷ வித்தியாசத்தில் பிறந்தவர்கள். நியேவெஸ் அம்மாவைக் கொண்டு நல்ல கறுப்பு, சுருட்டை முடி; அமாலியா அப்பா ஃபெர்மினைக் கொண்டு வெளுப்பு, பூனைக் கண். வீட்டில் ஒருத்தியை நெக்ரா என்பார்கள், இன்னொருத்தியை குவேரா என்பார்கள். கருப்பி, வெள்ளச்சி என்று அர்த்தம். கொஞ்சுவதும் அந்தப் பெயரில்தான், அடிக்கக் கை ஓங்குவதும் அந்தப் பெயரில்தான். கருப்பாயிப் பெரியம்மாவும் வெள்ளையம்மாச் சின்னம்மாவும் தூக்கி வளர்த்த எனக்கு இதில் ஒரு அதிசயமும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் தூங்கி, ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ரகம்.

இவர்களைப் பள்ளியில் சேர்க்கும்போது எவுலாலியா ஒரு காரியம் செய்தாள். எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிற காரியம்தான். படிவத்தில் முதல் கேள்வி, ‘நீங்கள் லத்தீனோவா?’ மெக்சிகோவிலிருந்தோ அதற்குத் தெற்கேயிருந்தோ வந்தவரா என்று அர்த்தம். அதற்கு ஆமாம் என்று போட்டாள். இரண்டாவது கேள்வி, ‘உங்கள் இனம் எது?’ வெள்ளை, கறுப்பு, ஆசியர், பூர்வகுடி என்று வரிசையாகக் கட்டங்கள். முதல் கேள்விக்கு ஆமாம் சொன்னவர்களுக்கு இரண்டாவது கேள்வியில் உட்கார ஒரு நாற்காலிகூடப் போட்டு வைக்கவில்லை. அதனால் தெருவே அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டுவிடும், இவளும் விட்டாள். வெறுமையாக விட்டால் அலுவலகத்தில் இருப்பவர் பிள்ளையைப் பார்த்துத் தானே நிரப்ப வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருப்பது யாருக்குத் தெரியும்? பள்ளி எழுத்தர் மிஸஸ் டன்லப் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஒருத்திக்குக் கறுப்பு, ஒருத்திக்கு வெள்ளை என்று பேனாவால் இரண்டு பெருக்கல் குறி போட்டார்.

தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு பள்ளி, தெற்கே ஒரு பள்ளி. இரண்டிலும் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் கலந்து படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் யாரோ புண்ணியவான்கள் கணினியைப் பழக்கி வைத்திருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஒரே வீட்டு விலாசத்தில் இரண்டு வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் இருப்பதைக் கண்ட கணினி, இவர்கள் வேறு வேறு குடும்பம் என்று தீர்மானித்து, நியேவெஸை வடக்கேயும் அமாலியாவைத் தெற்கேயும் அனுப்பிவிட்டது. பஸ் நம்பர் எழுதின இரண்டு கடிதங்கள் வந்தன. நாலாம் நம்பர் ஒன்று, ஒன்பதாம் நம்பர் ஒன்று.

எவுலாலியா ஓடினாள். மிஸஸ் டன்லப் கெட்டவர் அல்ல, விதிப்புத்தகத்தின் ஓரத்தைக்கூட மடிக்காத மனுஷி.

“ரெண்டு படிவத்துலயும் ஒரே விடை இருந்தா, ஒரே குடும்பம்னு எடுத்துக்கும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா நிரப்பிக் கொண்டாங்க” என்று சொல்லி, இரண்டு புதுப் படிவங்களைக் கொடுத்து அனுப்பினார்.

வாரக் கடைசி முழுக்க எவுலாலியா அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டினாள். பென்சிலால் இரண்டிலும் வெள்ளை என்று போட்டுப் பார்த்தாள். நியேவெஸ் எட்டிப் பார்த்து, “இது யாரு மம்மி?” என்று கேட்டது. அழித்துவிட்டுக் கறுப்பு என்று போட்டாள். அமாலியா, “அப்ப நான் இல்லையா?” என்று அழுதது. ஒருத்தியைப் பொய்யாக்காமல் இன்னொருத்தியை மெய்யாக்க முடியாத கணக்கு அது. திங்கட்கிழமை என் கடைக்கு அவள் வந்தபோது கண்ணெல்லாம் வீங்கி இருந்தது.

“அக்கா மாதிரி நெனச்சுக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க தோன்யா வாடி. எம்புள்ளைங்கள ரெண்டு பஸ்ஸுல ஏத்திட்டு எந்தப் பஸ்ஸப் பாத்துக் கையாட்டுவேன் நான்?”

ஆறு வயதில் என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் பேனாவை உயர்த்திக்கொண்டு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டதும், அப்பா குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னதும், அந்தப் பதிலை வைத்து நான் எந்தப் பெஞ்சு என்று அவர் தீர்மானித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்த ஊரிலும் பிள்ளையைப் படிக்கப் போட்டால் முதலில் படிப்பது பிள்ளையைத்தான். “வேறுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல எழுதுடி” என்றேன்.

அவள் இரண்டு படிவத்திலும் ‘வேறு’ என்பதில் குறி போட்டு, பக்கத்துக் கோட்டின்மேல் ‘மெக்சிகானா’ என்று எழுதினாள். கோடு ஒரு சாண் நீண்டது. கதை கேட்கிறவர் ‘உம்’ கொட்டிவிட்டு மேலே சொல்லு என்பதுபோல நின்றது. அவள் அம்மா பிறந்த கடலோரக் கிராமத்தை எழுதினாள், கப்பலில் விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்டுத் தப்பி ஓடியவர்கள் கட்டிய கிராமம். உம். ஃபெர்மினின் மலையூரை எழுதினாள், பச்சைக் கண் ஆட்களும் பசுமாடுகளும் மட்டுமே இருக்கிற மலையூர். உம். மாமியாரின் மாமியார் சோளத்தோடு பேசுகிறபோது மட்டும் உபயோகித்த பழைய பாஷையின் பெயரை எழுதினாள். உம், உம், உம் என்று அது வாசலைத் தாண்டியது. அவளும் எழுதிக்கொண்டே பின்னாலேயே போய், சாயங்காலம் என் பேனாவோடு தெருமுனையில் நின்றாள். எழுத்தெல்லாம் கோட்டின்மேல் கரண்டுக் கம்பியில் குருவி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் கோடுகள் இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இரட்டைக் கோடு நோட்டைப் பிரித்து விட்டதுபோல எங்கள் தெரு முழுக்க ஓடிவிட்டன. யாரும் எப்படி, ஏன் என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. கோடு தன் வீட்டுப் பக்கம் எப்போது வரும் என்று கேட்டார்கள். மழையில் எழுத்து அழியுமா என்று கேட்டார்கள். பாதிரியார் மட்டும் எழுத்துப்பிழை திருத்தலாமா என்று கேட்டு, கூடாது என்று ஊரால் தடுக்கப்பட்டார். பெண்கள் கீழ்க்கோட்டில் துணி காயப்போட்டார்கள். என் உலர்த்தும் மெஷின் பன்னிரண்டும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றன, எனக்கு எரிச்சலான எரிச்சல். காய்ந்த துணியில் மட்டும் யாருடைய அம்மாவின் பெயராவது மெலிதாகப் பதிந்திருக்கும். அதைத் தோய்த்தாலும் போகாது, போக வேண்டும் என்று யாரும் என்னிடம் கொண்டுவரவும் இல்லை.

எவுலாலியாவின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆகிவிட்டது. ஒருத்தி விடை பத்தாதென்றால் எங்களுடையதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று ஆளாளுக்குப் பேனாவோடு வந்தார்கள். சலூன்காரர் தோன் கிரிசாந்தோ பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்து, “பிளேன்ல ஏறுறப்ப நான் சால்வடோர்க்காரன். எறங்குறப்ப லத்தீனோன்னுட்டாங்க. நடுவுல ஒரு ஆரஞ்சு ஜூஸ்தான் குடிச்சேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். டயர் கடை ரஃபாயெல் சிங், பஞ்சாபிலிருந்து வயல் வேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தாவையும் மெக்சிகோக்காரக் கொள்ளுப்பாட்டியையும் எழுதினான். அவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது என்ன இனம் என்று தெரியாமல் குமாஸ்தா இரண்டு பேருக்கும் ‘பழுப்பு’ என்று போட்டுக் கல்யாணத்தை முடித்து வைத்தாராம். அரை முகம் சோப்பு நுரையோடு சலூனிலிருந்து வந்தவர்கூட வரிசையில் நின்றார். ஒவ்வொரு பதிலுக்கும் கோடு இன்னும் வேகமாக ஓடியது, அதன் பின்னாலேயே குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின, நாய்கள் ஓடின, தேன்குழல் மாதிரி இனிப்புப் பலகாரம் விற்கிற வண்டி ஓடியது. இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் தெரு அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

“நீங்க எழுதலயா தோன்யா வாடி?” என்று நியேவெஸ் என் முந்தானை இல்லாத குறைக்கு மேலங்கியைப் பிடித்து இழுத்தது.

அந்த மாதிரிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் இனிமேல் ஒன்றும் எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம் எனக்கு. ஆனால் பிள்ளை கேட்கிறது. நான் இங்கே துணி துவைத்துப் பிழைக்கிறேன் என்பதைச் சிவகங்கையில் என் உறவுக்காரர்கள் யாரிடமும் சொல்வதில்லை. ‘வடிவு பிசினஸ் பண்ணுறா’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள், அடுத்தவர் அழுக்கைத் தொடுகிற வேலை எந்தத் தெருக்காரர்களுடையது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: வடிவு. சலவைக்காரி. கோடு ஒரு முழம் துள்ளியது. நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் சிக்கல் புரிந்தது. படிவத்தைக் கொடுப்பதென்றால் கோட்டோடு கொடுக்க வேண்டும், கோடோ பூண்டு வயலைத் தாண்டிப் போயிருந்தது. ரஃபாயெல் கத்தரிக்கோல் கொண்டுவந்தான். எவுலாலியா அவனைப் பார்த்த பார்வையில் அதைப் பின்பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன் நான். தேர் என்றால் என்ன, வடம் என்றால் என்ன, முட்டுக்கட்டை போடுகிறவர் யார் என்று விளக்கி முடிப்பதற்குள் நானூறு பேர் இரண்டு கோடுகளையும் தோளில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் படிவங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்து முன்னால் நடக்க, தண்டவாளத்தில் சரக்கு ரயில் எங்களுக்காக நிற்க, டிரைவர் இறங்கிவந்து தன் பங்குக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஏற, கூச்சலும் பாட்டுமாக மூன்றே முக்கால் மணிக்கு வடக்குப் பள்ளி அலுவலக ஜன்னல் வழியாக அதைச் செலுத்தினோம். மூட இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது.

மிஸஸ் டன்லப் கோட்டைப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“எழுதறதுக்கு இவ்வளவு நீளம்தான்னு எங்கயும் போடல” என்றார். “ஆனா முழுசும் வாசிக்காம கணினியில ஏத்தக் கூடாது. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பிள்ளைங்களும் விண்ணப்பம் குடுத்த பள்ளியிலயே உக்காரலாம். பஸ் கிடையாது.”

“பஸ் கெடக்குது, நடந்தே கூட்டியாறேன்” என்றாள் எவுலாலியா.

அப்படி நியேவெஸும் அமாலியாவும் முடிவாகாத பிள்ளைகளாக ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், ஆகஸ்டு மாதம் உட்கார்ந்தார்கள். மிஸஸ் டன்லப் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கோட்டைச் சத்தமாக வாசித்தார். ஊர்ப் பெயர்களை முதலில் கடித்துத் துப்பினார், அக்டோபரில் சப்பினார், கிறிஸ்துமஸுக்குள் ருசிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்க ஆட்கள் மடக்கு நாற்காலியோடு வந்தார்கள். தமிழ் எழுத்து வந்த அன்று எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய் வாசித்துக் காட்ட, முதலில் நாக்குப் புரளாவிட்டாலும் ‘ச-ல-வை-க்-கா-ரி’ என்று எழுத்துக்கூட்டி மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். ஆனால் அவர் வாசிக்கிற வேகத்தைவிடக் கோடு வளர்கிற வேகம் அதிகம். அதுதான் எங்களுக்கும் வேண்டியிருந்தது. முடியாத வரைக்கும் பிள்ளைகளைப் பிரிக்க மாட்டார்களே.

மார்ச் மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் இரண்டு படிவமும் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் பழைய பெருக்கல் குறிகளே செல்லும். எவுலாலியா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்தாள். ஊரே பேனாவைக் கீழே வைத்தது. எழுதுவதை நிறுத்தினால் கோடு நின்றுவிடும் என்று பார்த்தோம். அது நிற்கவில்லை, பதில் வரும் என்று காத்துக்கொண்டே தானாக நீண்டது. இத்தனை பேர், இத்தனை ஊர், இத்தனை தலைமுறை எழுதியும் கேட்டது கிடைக்காததுபோல அது இன்னும் உம், உம் என்றது. எனக்கு அதன்மேல் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இரண்டும், அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தன. விஷயத்தைக் கேட்டன. ஏழு மாதப் படிப்பில் இப்போது இரண்டுக்கும் எழுத வரும். ஊரைச் சுற்றிவிட்டு வந்த கோடுகளின் நுனி அன்று என் கடைக்குப் பின்வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து, ஏழாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

“எங்க ரெண்டு பேரையும் யாரும் கேக்கவே இல்லையே” என்றது நியேவெஸ்.

எங்களுக்குச் சுரீர் என்றது. ஊரில் எழுதாத ஆள் இல்லை, சரக்கு ரயில் டிரைவர்கூட எழுதியிருந்தார், படிவத்துக்கு உரிய பிள்ளைகளிடம் யாரும் பேனாவைக் கொடுக்கவில்லை. அமாலியா சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறியது. நாக்கைத் துருத்திக்கொண்டு, தன் கோட்டில், தலைகீழாக ஒரு எழுத்தோடு, ‘நியேவெஸின் சகோதரி’ என்று எழுதியது. நியேவெஸ் தன் கோட்டில், எட்டிப் பார்த்துக் காப்பியடிக்காமல், ‘அமாலியாவின் சகோதரி’ என்று எழுதியது.

கோடுகள் இரண்டும் நின்றன.

அப்புறம் ஓடினோம். மிஸஸ் டன்லப்பைக் கூட்டிவர ரஃபாயெல் டயர் கடை வண்டியை எடுத்தான், அவரோ பாதி வழியில் எதிரே நடந்தே வந்துகொண்டிருந்தார், கோட்டை வாசித்துக்கொண்டே வந்தாராம், ஒரு எழுத்து விடவில்லையாம். மூன்று ஐம்பத்தாறுக்கு என் கடைக்குள் வந்து, கண்ணாடியை ஏற்றி, கடைசி இரண்டு பதில்களையும் வாசித்தார். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், மற்றதைத் தொட்டுப் பார்த்தார்.

“பெயரு வேற, விடை ஒண்ணுதான்” என்றார். “ரெண்டு படிவத்துலயும் ஒரே விடை.”

கையோடு கொண்டுவந்திருந்த படிவங்களைத் துணி மடிக்கும் மேசைமேல் வைத்தே முத்திரை குத்தினார், இரண்டு குத்து. எவுலாலியா அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியதில் அவர் கண்ணாடி என் மெஷினுக்குள் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

திங்கட்கிழமை காலை ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. நாலாம் நம்பர் பஸ் வந்தது. எவுலாலியா இரண்டு கையையும் தூக்கி ஒரே பஸ்ஸுக்கு ஆட்டினாள். உள்ளே பிள்ளைகள் இரண்டும் அதைக் கவனிக்கவே இல்லை, ஜன்னல் சீட் யாருக்கு என்று முடியைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தன.